முப்பத்தெட்டாவது பெட்டி

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அன்று காலை ஒன்பது மணிக்கே இரண்டு அண்டா காபி தீர்ந்துவிட்டது. பதினாறு பெண்கள், மூன்று நீள மேசைகள், முப்பத்தெட்டு அட்டைப்பெட்டிகள். எல்ஸ்டாட்டிலிருந்தும் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்தும் ஆப்கானிஸ்தான் போருக்குப் போயிருந்த முப்பத்தெட்டு வீரர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அது நவம்பரின் இரண்டாவது சனிக்கிழமை. பன்னிரண்டு மணி தபால் லாரியில் ஏறாத பெட்டி கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேராது என்று தபால் நிலையத்து லைல் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் தலைவி ஆர்லிஸ் ட்வைட். ஐம்பத்தாறு வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், வரிசை என்றால் வரிசை, பட்டியல் என்றால் பட்டியல். ஒவ்வொரு மாதமும் பெட்டி கட்டும் முன் நாற்காலியில் ஏறி நின்று விதிகளைப் படிப்பாள். அன்றும் படித்தாள். மது கூடாது. பன்றி இறைச்சி கூடாது. சோப்பும் தின்பண்டமும் ஒரே பையில் கூடாது, பிஸ்கட்டெல்லாம் சோப்பு நாற்றம் அடிக்கும்.

"மூணு மாசமா கேக்கறோம்டி, எனக்குத் தூக்கத்துலயே வருது," என்றாள் மார்வா. மார்வா பக்கத்து வீட்டுக்காரி, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"நீதான் போன மாசம் சூரியகாந்தி விதையையும் ஷாம்பூவையும் சேர்த்து வச்சே."

"பையனுங்க தலையும் மணக்கும், வாயும் மணக்கும்னு வச்சேன்."

ராணுவ விதிகள் போக ஆர்லிஸ் தானாகப் போட்ட விதி இரண்டு. முதலாவது, யாரும் தன் பிள்ளையின் பெட்டியைத் தொடக்கூடாது. இரண்டாவது, கீழ்த்தளத்துக் கதவைத் தாண்டி உள்ளே வந்த பொருள் எல்லாம் பொது. முதல் மாதம் அவரவர் அவரவர் பிள்ளைக்கு அனுப்பியதில் ஒருவனுக்கு ஏழு பெட்டி போனது, தாய் தகப்பன் இல்லாத இன்னொருவனுக்கு ஒன்றும் போகவில்லை. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இந்த ஏற்பாடு. முப்பத்தெட்டுப் பெட்டியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும், ஒரு மிட்டாய்கூடக் கூடுதல் குறைவாக இருக்கக் கூடாது. இந்த ஒழுங்கில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் பெருமைக்காரியின் கைப்பை, ஒட்டுநாடா மேசைக்கு அடியில் இருந்தது. அதற்குள் ஒரு மவுத்வாஷ் பாட்டில். பாட்டிலுக்குள் வோட்கா.

அவள் மகன் டாரின் மூன்று தடவை கேட்டான். செப்டம்பரில் அவனுக்கு முன்னால் போன வண்டி, சாலையில் புதைத்திருந்த குண்டில் ஏறியது. புதைத்த குண்டுகளைத் தேடி எடுப்பதுதான் அவர்கள் பிரிவின் வேலையே. இரண்டு பேர் போய்விட்டார்கள். அதன் பிறகு டாரின் தூங்கவில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு பாட்டில்மா. மவுத்வாஷ் பாட்டில்ல ஊத்தி, கலர் போட்டு அனுப்பு. இங்க பாதிப் பேரோட அம்மா அப்படித்தான் அனுப்பறாங்க."

"நான் தலைவிடா. நாற்காலி மேல ஏறி நின்னு கூடாதுன்னு படிக்கறவ."

"அதனாலதான் கேக்கறேன். உன் பெட்டியை எவன் சந்தேகப்படுவான்?"

முதல் தடவை திட்டினாள். இரண்டாவது தடவை பேச்சை மாற்றினாள். மூன்றாவது தடவை அவன் வாய் திறந்து கேட்கவே இல்லை, தொலைபேசியில் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அந்த மூச்சைக் கேட்டபின் அவளால் முடியவில்லை. யாரிடமும் சொல்லாதே, தான் தூங்காதது டாக்டருக்குத் தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், பையன்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்றான். சத்தியம் செய்துகொடுத்தாள்.

ஊர் மதுக்கடையில் கல்லாவில் நிற்பது மார்வாவின் மருமகள். ஆகவே நாற்பது மைல் காரை ஓட்டிப் போய் வாங்கி வந்தாள். பல் மருத்துவர் எண்ணி முப்பத்தெட்டுப் பச்சை மவுத்வாஷ் பாட்டில்கள் நன்கொடை கொடுத்திருந்தார். அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறைத் தொட்டியில் கொட்டினாள். கேக்குக்குப் போடும் பச்சைச் சாயம் மூன்று சொட்டு, நீலம் ஒரு சொட்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அப்படியே இருந்தது. மூடியின் வளையத்தைப் பசை போட்டு ஒட்டினாள். தன் கை இவ்வளவு சுத்தமாகத் திருட்டுவேலை செய்யும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

திட்டத்தில் ஓட்டை இல்லை. பெட்டிகள் குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் ஒட்டுநாடா போடும் அவளிடம் வரும். டாரின் பெட்டி வந்ததும் உள்ளே இருக்கிற நிஜ பாட்டிலை எடுத்துவிட்டுத் தன் பாட்டிலை வைப்பாள். முப்பத்தேழு பாட்டில்தான் இருப்பதால் கடைசிப் பெட்டியில் ஒன்று குறையும், எடுத்ததை அதில் போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

டாரின் பெட்டி வருவதற்கு மூன்று பெட்டி இருக்கும்போது போதகரின் மனைவி மாடிப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஆர்லிஸ், ரேடியோக்காரங்க போன்ல இருக்காங்க. நேரலையாம். உங்களைத்தான் கேக்கறாங்க."

போகாமல் இருக்க முடியாது. பக்கத்து ஊர் வானொலி. நன்கொடையெல்லாம் அதைக் கேட்டுத்தான் வருகிறது. மேலே போய்ப் பதினைந்து நிமிடம் பேசினாள். எங்கள் பெட்டி ஒன்றுகூடக் குறையாகப் போகாது என்று சொன்னாள். விதி மீறிய பொருள் ஒன்றுகூடப் போகாது என்றும் சொன்னாள். சொல்லும்போது காது மடல் சூடேறியது.

திரும்பி இறங்கியபோது மேசைகள் காலியாக இருந்தன. பெண்கள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மார்வா ஒட்டுநாடாச் சுருளை வளையல் மாதிரி கையில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் முடிச்சாச்சு தலைவி. நீ ரேடியோவுல ராணி மாதிரிப் பேசிட்டு வர்றதுக்குள்ள நானே ஒட்டிட்டேன். டெசா வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டா."

ஆர்லிஸ் குனிந்து கைப்பையைத் தூக்கினாள். லேசாக இருந்தது.

"மார்வா. என் பையில ஒரு பாட்டில் இருந்துச்சே."

"ஆமா, கடைசிப் பெட்டிக்கு ஒண்ணு குறைஞ்சுது. அந்தப் பல் டாக்டர் எண்ணத் தெரியாத ஆளுன்னு திட்டிக்கிட்டே தேடினேன். உன் பையில ஒண்ணு தலையை நீட்டிக்கிட்டு இருந்துச்சு, போட்டுட்டேன். உள்ள வந்ததெல்லாம் பொதுன்னு நீதானே சொல்லுவே? வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தியா?" மார்வா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஏண்டி, என்ன ஆச்சு? முகம் இப்படி வெளுத்துப்போச்சு."

கடைசிப் பெட்டி யாருடையது என்று ஆர்லிஸ் கேட்கவில்லை. அகரவரிசையில் கடைசிப் பெயர் எந்த மாதமும் ஒன்றுதான். நோலன் ஸிம்மர்.

ஊரில் நோலனின் கதை தெரியாதவர்கள் கிடையாது. போன வருடம் அக்டோபரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தானியக் கிடங்கின் சுவரில் மோதினான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி டெசாவின் வலது மணிக்கட்டு நொறுங்கி, இப்போது அதற்குள் இரும்புத் தகடு இருக்கிறது. அன்றைக்கு விட்டவன்தான், இன்றுவரை தொடவில்லை. வியாழக்கிழமைகளில் இதே கீழ்த்தளத்தில் கூடும் குடியை விட்டவர்கள் குழுவுக்கு ஒரு வாரம் தப்பாமல் வந்தான். படைப்பிரிவோடு கிளம்பிப் போனபோது மற்ற மனைவிகள் அழுதார்கள். டெசா அழவில்லை. "அங்க சொட்டு சாராயம் கிடைக்காது ஆர்லிஸ். குண்டுக்குப் பயப்படணும், அது சரி. ஆனா இதுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு வருஷம் நிம்மதியா தூங்குவேன்," என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கு இருபத்தாறு வயது.

இப்போது அந்த நோலன் ஒரு நாள் பல் துலக்கிவிட்டு, பாட்டிலைத் திறந்து, வாய் நிறைய ஊற்றிக்கொள்வான். ஊற்றிய பிறகுதான் தெரியும்.

"ஒண்ணுமில்ல. ஒரு வாழ்த்து அட்டை வைக்க மறந்துட்டேன்," என்று மார்வாவிடம் சொல்லிவிட்டுக் கோட்டைக்கூடப் பொத்தான் போடாமல் ஓடினாள்.

மணி பதினொன்று முப்பத்தாறு. தபால் நிலையம் எட்டுத் தெரு தள்ளி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பனி பொடியாகப் பெய்துகொண்டிருந்தது. காரை எடுத்து மூன்றாவது தெரு திரும்பியபோதே மணியடித்துக்கொண்டு ரயில்வே கேட் இறங்குவது தெரிந்தது. கோதுமை ரயில். நூற்றுப்பத்துப் பெட்டி, அவசரமே இல்லாத ரயில். இந்த ஊரில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஊரை இரண்டாக வெட்டிப் போடும், பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். டெசா அந்தப் பக்கம் போயிருப்பாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், அதுதான் ஆபத்து. பெட்டி போய்ச் சேர ஐந்தாறு வாரம் ஆகும். இன்றைக்கே டாரினுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். நோலன் பெட்டியில் இருக்கிற பாட்டிலை எடுத்துக்கொள், உன்னுடையதை அவனுக்குக் கொடு என்று ஒரு வரி. யாருக்கும் தெரியாது. தலைவி தலைவியாகவே இருப்பாள். டெசா முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. எண்பது இருக்கும், தொண்ணூறு இருக்கும். டாரின் அன்றைக்கு ரோந்தில் இருந்தால்? தூக்கமில்லாத பிள்ளை மறந்துவிட்டால்? செப்டம்பருக்குப் பிறகு நோலன்தான் முன்வண்டி ஓட்டுகிறவன். அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறவன் டாரின். இவ்வளவும் தெரிந்தும் அந்த ஒரு வரி மின்னஞ்சலை மனசுக்குள் எழுதி முடித்து, கீழே அம்மா என்று கையெழுத்தும் போட்டுவிட்டாள். தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கேட் தூக்கியபோது மணி பதினொன்று நாற்பத்தேழு. காரை இடது பக்கம் திருப்பினால் வீடு. அவள் நேராக ஓட்டினாள்.

தபால் நிலையத்தில் டெசா பெட்டிகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியின் அடியில் இடது கையைக் கொடுத்து, வலது கையைச் சும்மா ஒத்தாசைக்கு வைத்துக்கொண்டு தூக்கினாள். லைல் ஒவ்வொரு சுங்கப் படிவத்தையும் வாசித்து, கீழே ஆர்லிஸின் கையெழுத்தைச் சரிபார்த்து, முத்திரை குத்திப் பின்னால் இருந்த கம்பித் தள்ளுவண்டியில் வைத்தார். கடைசியாக ஏற்றிய பெட்டிதானே முதலில் இறங்கும். ஸிம்மர் என்று எழுதிய பெட்டி தள்ளுவண்டியின் அடியில் கிடந்தது.

"லைல், நோலன் பெட்டி எனக்குத் திருப்பி வேணும்."

லைல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், அப்போதிருந்தே விதிக்காரர். "முத்திரை விழுந்துருச்சு ஆர்லிஸ். அது இப்ப உன்னுது இல்ல. திருப்பி வேணும்னா இந்தப் படிவத்துல காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"நோலன் பெட்டியா? அதுக்கு என்ன?" என்று டெசா திரும்பினாள்.

"ஒரு அட்டை வைக்க மறந்துட்டேன்மா."

"அட்டைதானே, அடுத்த மாசம் போகட்டும். அதை மட்டும் பிரிக்காதீங்க ஆர்லிஸ்." டெசா குரலைத் தாழ்த்தினாள். முகத்தில் திருட்டுச் சிரிப்பு. "கோவிச்சுக்க மாட்டீங்கன்னா சொல்றேன். உங்க விதியை மீறிட்டேன். வண்டியில ஏத்தறப்ப மூலையைப் பிரிச்சு, காலுறைக்குள்ள ஒண்ணு சுருட்டி வச்சுட்டேன். வியாழக்கிழமை குழுவுல, குடிக்காம ஒரு வருஷம் ஆனதுக்கு அவனுக்கு ஒரு நாணயம் குடுத்தாங்க. வெண்கலம். அவனுக்குப் பதிலா நான் போய் வாங்கினேன். கிறிஸ்துமஸுக்குள்ள அவன் கையில கிடைக்கணும்."

ஆர்லிஸ் சுவரோரம் இருந்த அஞ்சல் பெட்டிகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். ஒரே அட்டைப்பெட்டிக்குள், ஒரு சாண் இடைவெளியில், அந்த நாணயமும் இந்தப் பாட்டிலும்.

"டெசா, இங்க வா." மூலைக்கு இழுத்துப் போனாள். "அந்தப் பெட்டியில இருக்கற மவுத்வாஷ், மவுத்வாஷ் இல்ல. வோட்கா. நான்தான் ஊத்தினேன். டாரினுக்கு வைக்க இருந்தேன், நான் மேல போயிருந்தப்ப மார்வா தெரியாம எடுத்து நோலனுக்கு வச்சுட்டா. நான்தான். வேற யாரும் இல்ல."

டெசா தள்ளுவண்டியைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"டாரின் பெட்டியில போயிருந்தா சரியா?"

"என்னம்மா?"

"தப்பான பெட்டியில போயிடுச்சுன்னுதானே ஓடி வந்தீங்க. டாரின் பெட்டியில போயிருந்தா இந்நேரம் கீழ்த்தளத்துல காபி குடிச்சுக்கிட்டு இருப்பீங்க. டாரின் கட்டிலுக்கும் நோலன் கட்டிலுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். டாரின் அனுப்பிய புகைப்படம் அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு மாதமாக ஒட்டியிருக்கிறது. இரண்டு கட்டில், நடுவில் ஒரு பூட்ஸ் ஜோடி வைக்கிற இடம். தினமும் பால் எடுக்கும்போது பார்க்கிறாள். டாரின் தனியாகக் குடிப்பவன் இல்லை, எதையும் பக்கத்தில் இருப்பவனுக்கு நீட்டாமல் வாயில் வைக்க மாட்டான். அப்படி வளர்த்தவளே அவள்தான். வோட்கா வாங்கியபோதும், சாயம் கலந்தபோதும், வளையத்தை ஒட்டியபோதும் இது அவள் நினைப்பில் வரவே இல்லை. வரவிடவில்லை என்பதுதான் நிஜம்.

"மணி பதினொன்னு அம்பத்தொண்ணு," என்றார் லைல்.

ஆர்லிஸ் மேசைக்குப் போய்ப் படிவத்தை இழுத்தாள். காரணம் என்ற இடத்தில் பேனா ஒரு நிமிடம் நின்றது. அட்டை வைக்க மறந்தேன் என்று எழுதினால் வேலை முடிந்துவிடும். டெசா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்லிஸ் எழுதினாள்: தடை செய்யப்பட்ட மதுவை இந்தப் பெட்டிக்காக வந்த பாட்டிலில் நானே நிரப்பினேன்.

லைல் அதை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் ஆர்லிஸ் இப்படி எழுதின? இதை வாசிச்ச பிறகு உன் கையெழுத்துல நான் எப்படிப் பெட்டி வாங்கறது? முப்பத்தெட்டும் உன் கையெழுத்து. அத்தனையிலும் ஒரு பச்சை பாட்டில் இருக்கு."

"மத்ததெல்லாம் நல்லதுதான் லைல். சத்தியமா."

"உன் சத்தியம்தான் இங்க எழுதியிருக்கே," என்று படிவத்தைத் தட்டினார். கோபம் இல்லை, வருத்தம்தான், அது இன்னும் மோசமாக இருந்தது. "வேற ஒருத்தர் அனுப்புநரா கையெழுத்துப் போட்டு, உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்புன்னு ஒத்துக்கிட்டா வாங்கலாம். ஒவ்வொரு படிவத்துலயும் போடணும். லாரி வந்து நிக்குது பாரு."

பின்பக்கக் கதவுக்கு வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டுப் பையன்களின் கிறிஸ்துமஸ். உண்மையைச் சொல்லியும் கெடுத்துவிட்டோமே என்று நினைத்தாள் ஆர்லிஸ்.

டெசா அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "வேற ஏதாவது வச்சிருக்கீங்களா? எந்தப் பெட்டியிலயாவது?"

"இல்ல."

"இல்லன்னு நான் நம்பணும்."

"ஆமா."

டெசா பேனாவை எடுத்தாள். முதலில் நோலன் பெட்டியைக் கேட்டு வாங்கி, நாடாவைக் கிழித்து, பச்சை பாட்டிலை வெளியே எடுத்தாள். திறந்து முகர்ந்து பார்த்தாள். அந்த வாசனை அவள் மூக்குக்கு எத்தனை வருடப் பழக்கமோ, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உடனே மூடினாள். பாட்டிலை ஆர்லிஸ் கையில் வைத்தாள். காலுறைச் சுருளை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு மற்றவை. லைல் படிவங்களை எடுத்து நீட்ட நீட்ட டெசா ஆர்லிஸின் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினாள். பத்துக் கையெழுத்துக்குள் அவள் மணிக்கட்டு வீங்க ஆரம்பித்துவிட்டது. பேனாவை விரல் இடுக்கில் மாற்றிப் பிடித்தாள். ஆர்லிஸ் பெட்டிகளை நகர்த்திக்கொடுத்தாள், நாடா ஒட்டினாள், அவளால் முடிந்தது அதுதான். அந்தக் கைக்குப் பதில் தன் கையைக் கொடுக்க முடியாதே என்று தவித்தாள். லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்தினான். லைல் கதவைத் திறந்து, "அஞ்சு நிமிஷம். என் கடிகாரம் மெதுவா ஓடுது," என்று கத்தினார். முப்பது வருடத்தில் லைல் சொன்ன முதல் பொய்யாக இருக்கலாம்.

ட்வைட் என்ற பெயர் வந்தபோது டெசா பேனாவைக் கீழே வைத்தாள்.

"கத்தி குடுங்க லைல்."

டாரின் பெட்டியைப் பிரித்தாள். ஆர்லிஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். டெசா ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். காபிப் பொட்டலத்தை அழுத்தினாள். சூரியகாந்தி விதைப் பையைக் குலுக்கினாள். சவரக் களிம்புக் குழாயைத் திறந்து பார்த்தாள். மவுத்வாஷைத் திறந்து முகர்ந்தாள். லெஃப்ஸெ ரொட்டிச் சுருளைக்கூட விரித்தாள். அது ஆர்லிஸே சுட்டது, வெண்ணெயும் சர்க்கரையும் தடவியது. கண்ணெதிரே தன் பிள்ளையின் பெட்டியை ஒருத்தி சோதனை போடுகிறாள், வாயைத் திறக்க யோக்கியதை இல்லை. அவமானத்தில் கன்னம் எரிந்தது. ஆனால் இந்தப் பெண்ணின் இடத்தில் தான் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒன்றும் இல்லை. டெசா எல்லாவற்றையும் முன்பு இருந்ததைவிட ஒழுங்காக அடுக்கி, மூடிக் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு ஏழுக்கு லாரி முப்பத்தெட்டுப் பெட்டிகளோடு கிளம்பியது.

லைல் படிவத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார். "இது மேலிடத்துக்குப் போகணும் ஆர்லிஸ். மன்னிச்சுக்கோ."

"அனுப்பு," என்றாள்.

வெளியே டெசா பிக்கப் வண்டியின் முன்மூடியில் கிடந்த பனியை அள்ளி மணிக்கட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆர்லிஸ் பாட்டிலைத் திறந்து சாக்கடைக் கம்பியின் மேல் கவிழ்த்தாள். பனியில் பச்சையாக ஒரு கறை விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எதுக்குக் கேட்டான்?" என்றாள் டெசா. "டாரின் ஒண்ணும் குடிகாரன் இல்லையே."

ஆர்லிஸ் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள். இன்று காலையிலிருந்து எதை எதையோ மீறியாகிவிட்டது, மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"தூங்க மாட்டேங்கறான். செப்டம்பர்லேர்ந்து. யார்கிட்டயும் சொல்லாதேன்னான்."

"நோலனுக்குமா தெரியாது?"

"தெரியாது. கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்கானாம்."

டெசா பனியை உதறினாள். "சாயங்காலம் நோலன் கூப்பிடுவான். நான் சொல்லுவேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவேன்."

"சொல்லு," என்றாள் ஆர்லிஸ். டெசா வண்டியில் ஏறிப் போய்விட்டாள், போகும்போது தலையசைக்கக்கூட இல்லை.

மறுநாள் ஞாயிறு வழிபாடு முடிந்து வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போது தொலைபேசி அடித்தது. அங்கே அது படுக்கப் போகிற நேரம்.

"அம்மா." டாரின் குரல் கட்டையாக இருந்தது. "வருதா?"

"வராதுடா. அனுப்ப மாட்டேன். இனிமேலும் மாட்டேன்."

மூச்சு. அதே மூச்சு. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ யார்கிட்டயோ சொல்லியிருக்கே. நோலன் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து என் கட்டில் பக்கத்துல போட்டு உக்காந்திருக்கான். போடான்னா போக மாட்டேங்கறான். காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறானாம். என்னம்மா பண்ணி வச்சிருக்கே நீ?"

"போனை அவன்கிட்ட குடு."

ஏதோ உராயும் சத்தம். பிறகு நோலனின் குரல், எப்போதும் போல மெதுவாக, அவசரமில்லாமல்.

"ஆர்லிஸ், நீங்க கவலைப்படாதீங்க. தூங்காம ராத்திரியைத் தள்றது எனக்கு நல்லாப் பழக்கம். முதல் மூணு மாசம் நானும் அப்படித்தான் இருந்தேன். கூட ஆள் இருந்தா போதும், விடிஞ்சுரும்."

"டெசா சொன்னாளா?"

"சொன்னா."

"எல்லாமா?"

"எல்லாம்தான்," என்றான் நோலன். "பெட்டியில என்ன இருந்துச்சுன்னும் சொன்னா." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "சரி, வச்சுடறேன். இவன் கண்ணை மூடற மாதிரி இருக்கு. பேச்சு சத்தம் வேண்டாம்."

அவன் வைத்துவிட்டான். ஆர்லிஸ் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். எதிரே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு கட்டில்கள் இருந்தன. நடுவில் ஒரு நாற்காலி போட இடம் எப்படிப் போதும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.